மேங்குரோவ்னா மாந்தோப்பு இல்லீங்க

காவேரிப்பட்டணத்துப் பக்கம் மாந்தோப்பு வச்சுக்கிட்டு, விசிட்டிங் கார்டுல 'மேங்குரோவ் ஓனர்'னு 500 அடிச்சுட்டீங்களா? சிரிச்சதுக்கு மன்னிச்சுக்குங்க. நானும் கடன் மனுவுல அதையே எழுதினவன்தான். "கிருஷ்ணகிரிக்குக் கடல் எப்பங்க வந்துச்சு?"ன்னு கேட்டார் மேனேஜர்.

மேங்குரோவ்னா பிச்சாவரத்துல இருக்கே, அலையாத்திக் காடு, அது. ஸ்பானிஷ், போர்த்துக்கீசியப் பக்கத்துச் சொல்லு. ஆங்கிலத்துல தோப்பைச் சொல்ற 'குரோவ்' சாயல் பின்னால ஒட்டிக்கிச்சு. மேங்கோ வந்த வழியே வேற. நம்ம மாங்காய்தான் போர்த்துக்கீசியர் வாயில 'மங்கா'வாகி ஆங்கிலத்துக்குப் போச்சு.

கார்டுல 'மேங்கோ ஆர்ச்சர்டு'னு போடுங்க. அச்சகத்துல அதை 'ஆர்க்கிட்'னு ஆக்கிடாமப் பார்த்துக்குங்க. அது பூச்செடி, கிழங்கோட வடிவத்தைப் பார்த்து கிரேக்கத்துல வச்ச பேரு, அர்த்தம் ஆணோட விரை! பெங்களூரா மாம்பழம் விக்கிறவருக்கு எதுக்கு அது?

பழைய கார்டைத் தூக்கிப் போடாதீங்க, பின்பக்கம் கூலிக் கணக்கு எழுதலாம்.