முரசு (ஈறு) ஓரத்தில் கறுப்பு இடைவெளி: அடைக்கலாமா?

கேள்வி: பல் கிளீன் பண்ணிய பிறகு முன்பற்களுக்கு இடையே, முரசுக்குக் கிட்டக் கறுப்பு முக்கோணம் மாதிரி இடைவெளி தெரிகிறது. கிளீன் பண்ணினதால் வந்ததா? அடைக்க முடியுமா?

அடைக்கலாம். ஆனால் ஏன் வந்தது என்று பார்க்காமல் அடைத்தால் காசுக்கு நட்டம் தான்.

முதலில் கிளீனிங்கை விட்டுவிடுங்கள், பழி அதில் இல்லை. "சுத்தம் செய்தால் பல் ஐதாகிப் போகும்" என்று சொல்லியே பல் டொக்டர் பக்கம் போகாதவர்கள் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். எங்கள் பெரியம்மாவும் அந்தக் கட்சி. நடப்பது என்னவென்றால், காறை (பல்லில் இறுகிப்போன அழுக்கு) வருடக்கணக்காகப் படிந்து முரசு வீங்குகிறது, உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு மெல்லக் கரைகிறது. இடைவெளி அப்போதே உண்டாகிவிடும். காறையும் வீக்கமும் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. காறையை எடுத்து வீக்கம் வற்றினதும் உள்ளது வெளியே தெரிகிறது, அவ்வளவு தான்.

இரண்டு பல்லுக்கு நடுவில் கூம்பாக நிற்கிற முரசு அடியில் இருக்கும் எலும்பை நம்பித்தான் நிற்கிறது. பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்திலிருந்து எலும்பு வரை 5 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் முரசு அந்த இடத்தை அநேகமாக முழுதும் நிரப்பும். 6 மில்லிமீற்றரில் பாதி இடங்களுக்குச் சற்று மேல், 7இல் கால்வாசி இடங்களில் தான். 1992இல் டார்னோ என்ற பல் வைத்திய ஆய்வாளரின் குழுவினர் அளந்து சொன்ன கணக்கு இது. ஆகவே முரசுக்கு எண்ணெய் தேய்த்தோ உப்புத் தண்ணீர் கொப்பளித்தோ கரைந்த எலும்பு திரும்பாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தான் நிலைமை விளங்கும்.

எல்லோருக்கும் முரசு நோய் தான் காரணம் என்றில்லை. நெருக்கமாகக் கோணி நின்ற பல்லைக் கிளிப் (பல் கம்பி) போட்டு நேராக்கினாலும் வரும். கடிக்கிற முனை அகன்று முரசுப் பக்கம் ஒடுங்கிய பல் உள்ளவர்களுக்கும் வரும். சீனி வருத்தம், சிகரெட், வெற்றிலை பாக்கு இருந்தால் முரசு இன்னும் சீக்கிரம் கெடும்.

வைத்தியத்துக்கு வருவோம். இரத்தம் கசிகிற முரசு முதலில் ஆற வேண்டும், அதன் பிறகு தான் அழகு. முன்பல்லுக்கு வழமையாகச் செய்வது கொம்போசிட். பல்லின் நிறத்தில் உள்ள பசையைப் பக்கவாட்டில் ஒட்டி அந்தப் பல்லைக் கொஞ்சம் அகலமாக்குவார்கள். பல்லை அதிகம் அராவத் தேவையில்லை. ஆனால் முரசோரம் மழமழப்பாக முடிக்காவிட்டால் அங்கேயே அழுக்குச் சேர்ந்து முரசு மறுபடி வீங்கும், கைப்பழக்கம் உள்ளவரிடம் போங்கள். தேத்தண்ணீர் குடிக்கிற நமக்குக் கறையும் ஏறும், சில வருடத்தில் திருத்தவோ மாற்றவோ வரும்.

கிளிப் போட்டிருப்பவர்கள் என்றால் பற்கள் தொடும் பக்கத்தை மிகக் கொஞ்சமாக அராவி, கிளிப்பாலேயே நெருக்கி மூடலாம், அவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி அது தான். வெனீருக்கு, அதாவது பல்லின் முன்பக்கம் ஒட்டுகிற மெல்லிய ஓட்டுக்கு, பல்லைச் செதுக்க வேண்டியிருக்கும், சின்ன இடைவெளிக்காக நான் அதற்குப் போக மாட்டேன். முரசுக்குள் ஹையலுரோனிக் ஜெல் ஊசி போடுவதும் உண்டு. சின்ன இடைவெளிக்கு ஓரளவு பலன் தரும், ஆனால் ஜெல் கரைந்துவிடும். சத்திரசிகிச்சை செய்து அந்த முரசுக் கூம்பை வளர்ப்பது நிச்சயமில்லாத வேலை.

எனக்கு மேலே நடுவில் ஒன்று, கீழே வரிசையாகச் சில. மேலே கொம்போசிட் வைத்தேன். கீழே அப்படியே விட்டேன், சிரித்தாலும் கீழ் முரசு தெரியாது, பிறகு எதற்கு?

ஆனால் சாப்பாடு சிக்கும். பனம்பழம் சூப்பினால் தும்பு, புழுக்கொடியல் கடித்தால் நார். விளக்குமாற்று ஈர்க்கால் குத்துகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், முரசு புண்ணாகும். பல்லிடைக்குள் விடுகிற குட்டி பிரஷ் பெரிய பார்மசிகளில் கேட்டுப் பாருங்கள். பல அளவில் வரும். தள்ளித் திணிக்காமல், சும்மா ஆடாமலும் உள்ளே போகிற அளவு தான் சரி. இந்த அகன்ற இடைவெளிக்குப் பல் இடுக்குச் சுத்தம் செய்கிற நூலை விட அது நன்றாகச் சுத்தம் செய்யும்.

முரசு வைத்தியத்துக்கு யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் பல் பகுதியிலேயே காட்டலாம், காசில்லை. அழகுக்காகச் செய்வதற்குப் பெரும்பாலும் தனியாரிடம் தான் போக வேண்டி வரும். அங்கே எக்ஸ்ரே எடுக்காமல், முரசின் ஆழம் அளக்காமல் முதல் நாளே வெனீர் விலை சொன்னால் இன்னொருவரிடமும் காட்டுங்கள். பல் ஆடினாலோ சீழ் வந்தாலோ இடைவெளியைப் பற்றி யோசித்துக்கொண்டிராமல் இந்தக் கிழமையே போங்கள்.