பழைய ஃபெல்ட் தொப்பியை அலசலாமா?

கேள்வி: 1930களில் தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்த என் தாத்தாவின் பழுப்பு நிற ஃபெல்ட் தொப்பி டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. உட்புறத் தோல் பட்டையில் போர்சலினோ என்று பொறித்திருக்கிறது. தூசும் எண்ணெய்க் கறையும் படிந்த இதை ஷாம்பூ போட்டு அலசலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: அலச வேண்டாம். இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரியா நகரில் 1857இல் தொடங்கப்பட்ட போர்சலினோ, முயல் ரோம ஃபெல்ட்டுக்குப் பேர்போனது. ஃபெல்ட் நெய்த துணியன்று. சூடும் ஈரமும் அழுத்தமும் பட்டு ரோம இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகியதே அது. நனைத்துக் கசக்கினால் அந்த இறுக்கம் மீண்டும் தொடங்கித் தொப்பி சுருங்கிவிடும். பழைய தோல் பட்டையும் காய்ந்து விறைத்து வெடிக்கும்.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. வழவழப்பான முயல் ரோமம் எளிதில் பின்னிக்கொள்ளாது என்பதால், அக்காலத்தில் அதற்குப் பாதரச நைட்ரேட் கரைசலைப் பூசுவது வழக்கமாக இருந்தது. அமெரிக்காவின் டான்பரி நகரத் தொப்பித் தொழிலாளர்களுக்குக் கைகால் நடுக்கம் வந்ததற்கு இதுவே காரணம். அந்நாடு 1941இல்தான் தொப்பித் தொழிலில் இதன் பயன்பாட்டை நிறுத்தியது. அப்போது செய்த ரோமத் தொப்பிகளில் பாதரசம் இன்னும் எஞ்சியிருக்கலாம் என்பதால் அருங்காட்சியகங்களில் அவற்றைக் கையுறையோடுதான் தொடுகிறார்கள். நீங்களும் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, மொட்டைமாடி போன்ற திறந்தவெளியில் வேலை செய்யுங்கள். இதற்கு நீராவியோ இஸ்திரிப் பெட்டியோ ஆகவே ஆகாது. சூடு பட்டால் பாதரசம் ஆவியாகும். குழந்தைகள் தலையில் வைத்து விளையாடவும் விடாதீர்கள்.

துப்புரவுக்குக் குதிரைமயிர் பிரஷ் ஒன்றே பெரும்பாலும் போதும். ரோமம் படிந்திருக்கும் திசையைப் பார்த்து, வழக்கமாகக் கடிகாரச் சுற்றுக்கு எதிராக, அழுத்தாமல் தேயுங்கள். எண்ணெய்க் கறையின் மேல் வாசனை கலக்காத முல்தானி மட்டியைத் தூவி, ஓரிரவு விட்டுத் தட்டியெடுங்கள். சோளமாவையும் சிலர் பரிந்துரைப்பார்கள். ஆனால் அது அடர்நிற ஃபெல்ட்டில் வெள்ளையாகத் தங்கிவிடும், மட்டியின் நிறமோ பழுப்புக்கு ஒத்துப்போகும். எதையும் முதலில் தோல் பட்டைக்கு அடியில் மறைந்திருக்கும் இடத்தில் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: 1960களில் வாங்கிய என் கம்பளி ஃபெல்ட் தொப்பி பெட்டிகளுக்கு அடியில் நசுங்கி, விளிம்பு அலையலையாகிவிட்டது. பழைய வடிவம் திரும்புமா?
– வாசகர், திருச்சி

பதில்: திரும்பும். கம்பளி தானாகவே பின்னிக்கொள்ளும் என்பதால் அதற்குப் பாதரசப் பூச்சு தேவைப்படவில்லை. ஆகவே உங்கள் தொப்பிக்கு நீராவி பிடிக்கலாம். கொதிக்கும் கெட்டிலின் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, நசுங்கிய இடத்தை மட்டும் சில விநாடிகள் காட்டினால், விறைப்புக்காகப் பூசிய அரக்கு இளகும். உடனே விரல்களால் நீவி வடிவம் கொடுத்து, முழுதும் ஆறும்வரை அசைக்காமல் வையுங்கள். ஒரே மூச்சில் முடிக்க முயல்வதைவிட, ஆறவிட்டு மறுபடி பிடிப்பதே நல்லது. ஆவி மிகுந்தால் கம்பளி சுருங்கும். தோல் பட்டையில் ஆவி படக்கூடாது. மேற்குழிவை உள்ளங்கையால் உள்ளிருந்து தள்ளி எடுங்கள். அதன் முன்பக்கத்தில் கிள்ளியதுபோல் ஒடுங்கியிருக்கும் மடிப்பைப் பிடித்துத் தொப்பியைத் தூக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், முதலில் கிழிவது அந்த இடம்தான்.

கேள்வி: சென்னைப் புழுக்கத்தில் ஃபெல்ட் தொப்பியைப் பூச்சி அரிக்காமல் வைப்பது எப்படி?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: விளிம்பின் மேல் பாரம் விழாதபடி, உச்சி கீழே இருக்குமாறு தலைகீழாக, அல்லது உள்ளே அமிலமற்ற மெல்லிய தாளைத் திணித்து, அட்டைப் பெட்டியில் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும், தாளின் அமிலமும் ஃபெல்ட்டைக் கெடுக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகள் இருக்கட்டும். பாச்சை உருண்டையைத் தொப்பியில் படாமல் தனியே வையுங்கள். துளைகள் தெரிந்தால் அந்துப் புழு ஏற்கெனவே குடியேறிவிட்டது என்று பொருள். அப்போது தொப்பியைப் பாலித்தீன் பையில் காற்றை நீக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் கழித்தே பையைத் திறக்க வேண்டும். முன்பே திறந்தால் நீர் பூத்து ஃபெல்ட் நனையும். பாதரசம் எஞ்சியிருக்கக்கூடிய பழைய ரோமத் தொப்பியை மட்டும் உணவு வைக்கும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

கேள்வி: வெள்ளைக்கார துரைமார் போட்ட சோலா தொப்பிக்கும் இதே முறையா?
– வாசகர், வால்பாறை

பதில்: இல்லை. அதன் உள்ளே இருப்பது நெட்டி, அதாவது ஒரு நீர்ச்செடியின் தண்டுக்குள் இருக்கும் லேசான சோறு. ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும் என்பதால், மேல்துணியை மட்டும் உலர்ந்த பிரஷால் தட்டுங்கள்.