புதுக் கெமராவில் வண்ணப் புள்ளிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அம்மா சவூதியிலிருந்து அனுப்பிய காசில் புதுக் கெமரா வாங்கினேன். மாசியில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தை இரவில் எடுத்தபோது எல்லாப் படத்திலும் ஒரே இடங்களில் சிவப்பு, நீலப் புள்ளிகள். "எல்லாக் கெமராவும் இப்படித்தான்" என்கிறார் கடைக்காரர். உண்மையா?
- வாசகி, தலவாக்கலை

பதில்: பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் உங்கள் முன்னால் சோதித்துக் காட்டியிருக்க வேண்டும்.

24 மெகாபிக்சல் கெமரா என்றால் வெளிச்சத்தைப் படமாக்கும் தகடான சென்சரில் இரண்டு கோடியே நாற்பது இலட்சம் பிக்சல்கள், அதாவது ஒளியை அளக்கும் நுண்புள்ளிகள். அவற்றில் சிலவற்றில் வெளிச்சமே படாவிட்டாலும் மின்சாரம் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருந்தால், ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் அளவை) கூட்டினால், சென்சர் சூடானால் அந்தக் கசிவு படத்தில் புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு பிக்சலுக்கும் மேலே சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதாவது ஒரு நிற வடிகட்டி இருக்கிறது. புள்ளி நிறத்தோடு வருவது அதனால்தான். இதற்கு ஹாட் பிக்சல் என்று பெயர். விலை கூடிய புதுக் கெமராவிலும் சில இருக்கவே செய்யும்.

சரி, உங்களுடையது எந்த வகை? லென்சை மூடியால் மூடுங்கள். கண் வைத்துப் பார்க்கும் துளையையும் கறுப்புத் துணியால் மறையுங்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/60 வினாடி வைத்து ஒரு படம் எடுங்கள். அப்புறம் ஐஎஸ்ஓவை மாற்றாமல் 30 வினாடிக்கு இன்னொரு படம். இரண்டையும் கம்பியூட்டரில் 100 சதவீத அளவில் பாருங்கள். முதல் படம் முழுக் கறுப்பாக இருந்து, இரண்டாவதில் மட்டும் புள்ளிகள் தெரிந்தால் கெமரா நல்ல கெமராதான்.

அந்தப் புள்ளிகளுக்கும் வழி உண்டு. மெனுவில் 'லோங் எக்ஸ்போஷர் நொய்ஸ் ரிடக்ஷன்' இருக்கும். அதைப் போட்டுவிட்டால், நீண்ட நேரப் படம் ஒன்றை எடுத்ததும் கெமரா ஷட்டரை மூடி, அதே அளவு நேரத்துக்கு ஒரு கறுப்புப் படம் எடுத்து, அதில் தெரியும் புள்ளிகளை உங்கள் படத்திலிருந்து கழித்துவிடும். 30 வினாடிப் படத்துக்கு இன்னொரு 30 வினாடி காத்திருக்க வேண்டும். சிவனொளிபாதமலையின் விளக்கு வரிசைக்கு இது நல்லது. கூத்துக்குச் சரிவராது. அங்கே ரோ கோப்பாக, அதாவது கெமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக எடுங்கள். லைட்ரூம் போன்ற மென்பொருள் கோப்பைத் திறக்கும்போதே பெரும்பாலான புள்ளிகளை நீக்கிவிடும்.

கேள்வி: பட்டப்பகலில் எடுத்தாலும் படத்தின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி. வாங்கி இரண்டு வாரம்தான். "பெரிதாக்கிப் பார்க்காதீர்கள்" என்கிறார்கள் கடையில்.
- வாசகர், ஹட்டன்

பதில்: கடையின் பதில் கோபத்தை வரவழைக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத்தானே இவ்வளவு காசு கொடுத்தீர்கள்!

வேகமான ஷட்டரிலும் விடாமல் தெரிவது அப்படியே சிக்கி நிற்கும் பிக்சல். ஒலிம்பஸ், பானசோனிக், பென்டாக்ஸ் கெமராக்கள் பலவற்றின் மெனுவிலேயே இதைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. பிக்சல் மேப்பிங் அல்லது பிக்சல் ரிஃப்ரெஷ் என்று தேடுங்கள். கெமரா தானே அந்தப் பிக்சலைக் கண்டுபிடித்து, பக்கத்துப் பிக்சல்களின் அளவை வைத்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். நிக்கோன் டிஎஸ்எல்ஆர் என்றால் சேவை நிலையத்தில்தான் செய்ய வேண்டும்.

அதற்கும் போகாவிட்டால் மாற்றிக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருள் பற்றிய முறைப்பாட்டை வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விசாரித்த பிறகு பொருளை மாற்றித் தரவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ, நட்டஈடு கட்டவோ சபை உத்தரவிடலாம். புள்ளி தெரியும் மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: படத்தை எப்படி நகர்த்தினாலும் புள்ளி திரையில் அதே இடத்தில் நிற்கிறது. கம்பியூட்டரில் காணோம்.
- வாசகர், ஹப்புத்தளை

பதில்: பழுது கெமராவின் பின்பக்கத் திரையில், சென்சருக்கு ஒன்றுமில்லை.

கேள்வி: நுவரெலியாவில் சோதித்தபோது சுத்தமாக இருந்த கெமரா, கொழும்பில் ஒரு கல்யாண மண்டபத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டியது. பயணத்தில் அடிபட்டிருக்குமா?
- வாசகர், நுவரெலியா

பதில்: இல்லை, வெப்பம். ஏறக்குறைய 6 முதல் 8 பாகை செல்சியஸ் கூடும்போதெல்லாம் முதல் பதிலில் சொன்ன பிக்சல் மின்கசிவு இரட்டிப்பாகிறது. உங்கள் ஊரின் சராசரி 16 பாகை அளவில். கொழும்பில் 27ஐத் தாண்டும். மண்டபத்தில் தொடர்ந்து வீடியோவும் எடுத்திருந்தால் சென்சர் இன்னும் சூடாகியிருக்கும். மலையில் இருப்பவர்கள் புதுக் கெமராவைக் குளிரில் மட்டும் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகு மூடிச் சோதனையைச் செய்யுங்கள்.

கேள்வி: பில்லில் "கெமரா 1" என்று மட்டும் எழுதி கடை முத்திரை வைத்தார்கள். பழுதோடு போனால் "இது நாங்கள் விற்றதா என்று தெரியாது" என்கிறார்கள்.
- வாசகி, பதுளை

பதில்: உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. கடிதத்தைப் படித்ததும் நான் வாங்கிய ஒரு லென்ஸ்தான் நினைவுக்கு வந்தது. பெட்டி புதிது, உள்ளே கண்ணாடியில் பூஞ்சணம். திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரர் பில்லைப் பார்த்தார். அதில் "லென்ஸ்" என்ற ஒரு சொல்தான். அந்தக் காசு போனது போனதுதான்.

சீரியல் நம்பர் இல்லாத பில்லை நான் பில்லாகவே கருதுவதில்லை. ஏஜென்ட் வாரண்டியா, கடை வாரண்டியா என்று பில்லில் தெளிவாக எழுதவேண்டும். கடை வாரண்டி என்றால் அந்தக் கடை திறந்திருக்கும்வரைதான். ஏஜென்ட் வாரண்டி என்றால் இலங்கை முகவரின் அட்டையில் அதே நம்பர், திகதி, முத்திரை மூன்றும் இருக்கவேண்டும். எழுதக் கேட்டால் சில கடைகளில் முகம் சுளிப்பார்கள். தோட்டத்திலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் சுளிப்பு இன்னும் கூடும். அதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். பொருட்படுத்தாதீர்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. பெட்டியிலுள்ள நம்பரும் கெமராவின் அடியிலுள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பார்க்காமல் காசை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது: வங்கி அட்டையில் கட்டியிருந்தால் அந்தப் பதிவு, கடையோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள், வாங்கிய நாளில் எடுத்த முதல் படங்கள் எல்லாவற்றையும் சேருங்கள். படக் கோப்பில் எடுத்த திகதி இருக்கும். பல கெமராக்கள் சீரியல் நம்பரையும் அதில் பதிவுசெய்கின்றன. இவற்றோடு பதுளைக் கச்சேரிக்குப் போய் அதிகார சபை அதிகாரியைப் பாருங்கள்.

கேள்வி: வாங்கி ஏழு மாதம் பெட்டியிலேயே வைத்திருந்தேன். இப்போது திறந்தால் புள்ளிகள். காசைத் திரும்பக் கேட்கலாமா?
- வாசகர், பண்டாரவளை

பதில்: காலம் கடந்துவிட்டது. வாரண்டி மீதமிருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். வாங்கிய வாரமே திறக்க முடியாவிட்டால் ஏன் வாங்கினீர்கள்?

கேள்வி: இணையத்தில் ஒருவர் பழைய கெமரா விற்கிறார். முழுக் காசையும் முன்னால் போடச் சொல்கிறார். படங்களில் புதிதுபோல இருக்கிறது.
- வாசகர், கண்டி

பதில்: போடாதீர்கள். படத்தை நம்பி நான் வாங்கிய ஃப்ளாஷ் ஒன்று பெட்டரி அறை முழுக்கத் துருவோடு வந்து சேர்ந்தது. நேரில் பாருங்கள். உங்கள் மெமரி கார்டைப் போட்டு, மேலே சொன்ன இரண்டு கறுப்புப் படங்களையும் எடுங்கள். லென்சை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பூஞ்சணம் தேடுங்கள். நம் மலை ஈரத்தில் அது எளிதில் வரும். விற்பவர் இதற்கு இடம் கொடுக்காவிட்டால் அந்தக் கெமரா உங்களுக்கு வேண்டாம்.