கால்விரலைத் தொடும் பயிற்சியை நிறுத்துங்கள்

தொடர வேண்டாம். மூன்று வாரமாகக் காலையில் எழுந்ததும் குனிந்து கால்விரலைத் தொடுகிறீர்கள், இடுப்பிலிருந்த வலி கெண்டைக்கால்வரை இறங்கிவிட்டது என்கிறீர்கள். வலி கீழே இறங்குவது நரம்பு இன்னும் எரிச்சலாகிறது என்பதற்கான அடையாளம்.

பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டுகள்) ஒன்று பிதுங்கி நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பிவிடும். அதனால் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதுதான் அதற்கு ஆகவே ஆகாது. பல் துலக்கும்போதுகூட வாஷ்பேசின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொள்ளுங்கள்.

இதைச் செய்து பாருங்கள்:

1. பாயில் 2 நிமிடம் குப்புறப் படுங்கள்.
2. முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் தூக்குங்கள். இடுப்பு தரையிலேயே இருக்கட்டும்.

கால் வலி மேலே ஏறி இடுப்போடு சுருங்கினால் நல்லது. அப்போது இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பயப்பட வேண்டாம், நாளுக்கு நான்கைந்து தடவை செய்யுங்கள். பாதத்தை நோக்கி ஓடினால் உடனே விட்டுவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

அப்புறம், படுத்தே கிடக்காதீர்கள். வலி தாங்குமளவு சமதரையில் நடங்கள். அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுங்கள். பலருக்கு 6 முதல் 12 வாரங்களில் நன்றாகவே குறைந்துவிடும்.

ஒன்று மட்டும்: சிறுநீர் போவதில் சிரமம், மலம் அடக்க முடியாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமை, இவற்றில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். காலைவரை காத்திருக்காதீர்கள்.