வாடகைத் தொலைநோக்கியோடு மாடித் தொலைநோக்கி மோத முடியுமா?

கேள்வி: சில ஆண்டுகளாக நகரத்தில் என் வீட்டு மாடியிலிருந்து சிறிய தொலைநோக்கி வைத்து விண்படம் எடுக்கிறேன். நான் இருக்கும் இணையக் குழுவில் நாள்தோறும் ஒரு படத்தைச் சிறந்த படமாக நடுவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் சிலி நாட்டுப் பாலைவனத்தில் நிற்கும், இணையம் வழியே இயக்கும் வாடகைத் தொலைநோக்கியில் எடுத்த படங்களே வெல்கின்றன. எடுத்தவர் அந்தத் தொலைநோக்கியைத் தொட்டதுகூட இல்லை. இது மோசடி இல்லையா? புகார் செய்யலாமா? இதற்கிடையே ஒருவர், "பரிசு பெறும் தரத்தில் தரவு, அதாவது இன்னும் மெருகேற்றாத வானப் பதிவு, விற்கிறேன், நீங்கள் பதப்படுத்தி உங்கள் பெயரில் அனுப்பலாம்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வாடகைத் தொலைநோக்கியில் படம் எடுப்பது மோசடி ஆகாது. வாடகைக் காரில் வந்தவர் ஊர் வந்து சேரவில்லை என்று யாரும் சொல்வதில்லை; நடந்தே வந்தேன் என்று அவர் சொன்னால்தான் தகராறு. எங்கே, யாருடைய கருவியில், எத்தனை மணி நேரம் எடுத்தது என்று படத்தின் கீழே எழுதியிருந்தால் அவர் மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்காக உங்கள் எரிச்சல் வீண் என்றும் சொல்ல மாட்டேன். வானத்தின் இருட்டை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. நல்ல வெளிச்சமான நகர வானம் அதில் 18 என்றால், சிலியின் அட்டகாமா பாலைவனம் போன்ற இடத்தின் வானம் 22-ஐ ஒட்டி நிற்கும். எண் கூடக்கூட இருட்டும் கூடும். நான்குதானே வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் வானத்தின் வெளிச்சம் இரண்டரை மடங்கு மாறும். நான்கு படி சேர்ந்தால் ஏறத்தாழ 40 மடங்கு. மங்கலான ஒரு விண்மீன் பேரடையை (கேலக்ஸி) அங்கே ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடுகிறார்கள் என்றால், அதே கருவியை உங்கள் மாடியில் வைத்து அதே தெளிவைக் கொண்டுவர 40 மணி நேரம் வேண்டும். மேகமில்லாத, நிலவில்லாத 40 மணி நேரம். அங்கே நிற்கும் தொலைநோக்கி உங்களுடையதைவிடப் பெரியதும்கூட. ஆக, திறமை ஒப்பிடப்படுவதற்கு முன்பே வானம் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

இதைச் சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. ஜான் போர்ட்டில் என்ற அமெரிக்கர் இரவு வானத்தை ஒன்பது வகுப்புகளாகப் பிரித்து 2001-இல் வெளியிட்டார். ஒன்று என்றால் கும்மிருட்டு, ஒன்பது என்றால் மாநகர மையம். விண்படம் எடுக்கும் எல்லோருக்கும் தங்கள் வானத்தின் போர்ட்டில் எண் தெரியும். அதை வைத்துப் போட்டியில் இரண்டே இரண்டு பிரிவு வைத்தால்கூடப் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். இதைக் கேட்காத ஆளில்லை. கேட்கும்போதெல்லாம் நடத்துகிறவர்களிடமிருந்து "பரிசீலனையில் இருக்கிறது" என்ற பதில் வருகிறது. முகப்பில் நகர வானத்துப் படத்தைப் போட்டால் பார்க்க வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம் என்பது என் கணிப்பு.

வாடகை என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் ஒரு வகையை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். தொலைநோக்கி, கேமரா இரண்டும் ஒருவரின் சொந்தம். ஆனால் அவை தொலைவில் ஒரு மலைமேல், மாதக் கட்டணம் கட்டிய கொட்டகையில் நிற்கின்றன. இது வாடகைப் படமா, சொந்தப் படமா? என்னைக் கேட்டால் சொந்தப் படம்தான். சரி, அங்கே கம்பி சிக்கிக்கொண்டால் ஊழியர் போய் எடுத்துவிடுகிறாரே? அப்போதும் சொந்தம்தான். கண்ணாடிகளின் சீரமைப்பையே ஊழியர் செய்து கொடுக்கிறார் என்றால்? அப்போதும் சொந்தம், ஆனால் அதை எழுத வேண்டும். காற்று பலமாக வீசுகிறது என்று கூரையை மூடுவது யார் என்பதெல்லாம் கணக்கில் வராது. எந்தப் பொருளை எடுப்பது, எந்த ஃபில்டரில் எத்தனை நேரம் எடுப்பது, எடுத்ததில் எவற்றைத் தள்ளுவது ஆகியவற்றை முடிவுசெய்தவர் யார் என்று பாருங்கள். அவர்தான் படம் எடுத்தவர். "இந்த மாதம் சந்தாதாரர் எல்லோருக்கும் இந்த நெபுலா (விண்வெளி வாயு மேகம்)" என்று நிறுவனமே முடிவுசெய்து கோப்பை அனுப்பினால் அது வெறும் சந்தா. இன்னொரு சிக்கலும் உண்டு. மலைமேல் நிற்கும் தொலைநோக்கியை ஒருவர் இன்னொருவருக்கு விற்கிறார். கூடவே அதுவரை எடுத்த தரவையும் கொடுத்துவிடுகிறார். வாங்கியவர் அந்தப் பழைய தரவோடு தான் எடுத்ததையும் சேர்த்து ஒரே படமாக்குகிறார். பழைய பகுதி அவருடையது ஆகாது. முந்தைய உரிமையாளரின் பெயரும் படத்தில் வர வேண்டும். இதைப் போய் இவ்வளவு நீட்டுகிறாரே என்று தோன்றலாம். நடுவர்கள் கூடிய இடத்தில் இந்த ஒன்றுக்கு நடந்த வாக்குவாதம் வேறு எதற்கும் நடந்து நான் பார்த்ததில்லை.

இனி, உங்களை அணுகிய தரவு வியாபாரி.

முதல் விஷயம், அவர் உங்களுக்கு மட்டும் விற்கவில்லை. அதே கோப்பை உங்களைப் போல ஆசைப்பட்ட எத்தனையோ பேருக்கு விற்றிருப்பார். நான் நடுவராக இருந்த ஒரு போட்டியில் ஒரே நெபுலாவின் படங்கள் இரண்டு எங்கள் முன் வந்தன. ஒன்று நீலமும் பொன்னும், மற்றது அடர் சிவப்பு. ஓரங்களை வெட்டிய அளவும் வேறு. முதல் பார்வையில் சம்பந்தமே இல்லை. ஆனால் மேல் இடது மூலையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிவட்டம் இருந்தது; அதன் வலது ஓரம் மட்டும் கத்தியால் சீவியதுபோல் நேராக நின்றது. கேமராவுக்கு முன்னே ஏதோ ஒரு சட்டத்தின் விளிம்பு மறைத்திருக்கிறது. இரண்டு படத்திலும் அதே பக்கம், அதே அளவு. நட்சத்திரங்களின் இருப்பை வைத்து, படம் வானத்தின் எந்தப் பகுதி, எவ்வளவு சாய்வு என்று கணக்கிடும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டையும் அதில் போட்டோம். சாய்வுக் கோணத்தில் பத்தில் ஒரு பாகைகூட வித்தியாசம் இல்லை. இருவரும் "என் சொந்தத் தொலைநோக்கி" என்று எழுதியிருந்தார்கள். பிடிபட்ட பிறகு இருவருக்கும் விற்றவர் மீதுதான் கோபம். தாங்கள் எழுதிய பொய்யைப் பற்றிப் பேச்சே இல்லை.

இரண்டாவது, வியாபாரி தருவது பெரும்பாலும் தனித்தனியாக எடுத்த எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முடித்த ஒரே கோப்பு. சந்தேகம் வந்தால் நடுவர்கள் கேட்பது, கேமராவிலிருந்து நேராக வந்த தனித்தனி ஃபிட்ஸ் (வானியல் படங்களுக்கான கோப்பு வடிவம்) கோப்புகளை. ஒவ்வொன்றின் தலைப்பிலும் நாள், நேரம், எத்தனை விநாடி, கேமராவின் வெப்பநிலை எல்லாம் பதிவாகியிருக்கும். உங்களிடம் அவை இருக்காது. அதையும் சேர்த்து விற்கிறேன், தேதியைக்கூட மாற்றித் தருகிறேன் என்பார்கள். மாற்றலாம்தான், அது சாதாரண எழுத்துதான். ஆனால் படத்துக்குள் தற்செயலாக ஒரு குறுங்கோள் சிக்கியிருந்தால் அது நிற்கும் இடமே உண்மைத் தேதியைச் சொல்லிவிடும். வானத்தைத் திருத்தித் தரும் வியாபாரி இன்னும் பிறக்கவில்லை.

மூன்றாவது, அவர் விற்பது அவருடையதுதானா என்பதே சந்தேகம். நல்ல மனதோடு சிலர் தங்கள் தரவைப் பழகுவதற்காக இலவசமாகக் கொடுக்கிறார்கள், விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதை எடுத்து விலை போட்டு விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவருடையதாகவே இருந்தாலும் உரிமக் குறிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். "தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்" என்று பொடி எழுத்தில் இருந்தால் போட்டிக்கு அனுப்பிய அன்றே நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். ஹப்பிள், ஜேம்ஸ் வெப் போன்ற விண்வெளித் தொலைநோக்கிகளின் பொதுத் தரவு வேறு விஷயம். 2009-இல் தொடங்கிய, லண்டன் கிரீனிச் அரச வானாய்வகத்தின் விண்படப் போட்டியில் பொதுத் தரவைப் பதப்படுத்துகிறவர்களுக்கு ஆனி மாண்டர் என்ற வானியலாளர் பெயரில் இடமே ஒதுக்கியிருக்கிறார்கள்.

இந்த வியாபாரிக்கு ஒரு கூட்டாளியும் இருப்பார். "நடுவர்களை எனக்குத் தெரியும், என் பயிற்சி வகுப்பில் சேருங்கள்" என்று சொல்கிறவர். சில இடங்களில் பயிற்சி நடத்துகிறவரே நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் வேதனை. தன் மாணவர் படம் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும் என்று ஒரு விதி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுத மாட்டார்கள். ஒருவர் படத்தை ஒருவர் விரும்பி எண்ணிக்கை ஏற்றிக்கொள்ளும் ரகசியக் கூட்டணிகளும் உங்களை அழைக்கும், பக்கத்தில் போகாதீர்கள். நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, அனுப்பிய எல்லாப் படங்களின் உரிமையையும் காலத்துக்கும் எழுதி வாங்கும் போட்டிகளும் அந்த ரகம்தான்.

செயற்கை நுண்ணறிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் போகிறீர்கள் என்பதால் இரண்டு வரி. இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும், படத்தின் பொடிப்புள்ளி இரைச்சலை நீக்கும் மென்பொருள்களும் கூர்மையாக்கும் மென்பொருள்களும் நரம்பு வலைப்பின்னல் என்ற செயற்கை நுண்ணறிவு முறையில் இயங்குபவை. 2022 கடைசியில் பிளர்எக்ஸ்டெர்மினேட்டர் என்ற கூர்மையாக்கும் மென்பொருள் வந்த பிறகு அது இல்லாமல் வரும் படத்தைத் தேட வேண்டியிருக்கிறது. விதிமுறையில் "செயற்கை நுண்ணறிவு கூடாது" என்று ஒரே வரி எழுதிவிட்டு, அதே மென்பொருளில் செய்த படத்துக்கு மறுநாள் பரிசு கொடுக்கிறார்கள். இருப்பதைத் தெளிவாக்குவது ஒன்று, இல்லாததை வரைந்து சேர்ப்பது வேறொன்று என்று பிரித்து எழுத விதி வகுப்பவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது பொறுமை இல்லை.

புகார் செய்யலாமா என்றால், வாடகை என்பதற்காக மட்டும் செய்யாதீர்கள். விவரம் இல்லை என்பதற்காகச் செய்யுங்கள். முதலில் படத்துக்குரியவரிடமே மரியாதையாகக் கேளுங்கள்: எங்கே எடுத்தது, கருவி யாருடையது, மொத்தம் எத்தனை மணி நேரம்? பலர் சோம்பலில் எழுதாமல் விட்டிருப்பார்கள், கேட்டதும் எழுதிவிடுவார்கள். மழுப்பினால் நடுவர்களுக்குத் தனியாக எழுதுங்கள், எந்த விவரம் இல்லை என்பதை மட்டும். "திருட்டு" என்ற சொல்லைப் பொதுவில் எழுதிவிட்டால் உங்களிடம் அசைக்க முடியாத சான்று இருந்தாலும் விசாரணை உங்கள் நாக்கைப் பற்றித்தான் நடக்கும்.

மாடியிலிருந்து வெல்லவே முடியாதா என்ற கேள்வி உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கிறது. மங்கலான விண்மீன் பேரடையை வண்ணத்தில் எடுத்துப் பாலைவனத்தோடு மோதினால் முடியாது. அந்த 40 மடங்கு உங்களைத் தின்றுவிடும். ஒளிரும் வாயு நெபுலாக்களுக்குப் போங்கள். ஹைட்ரஜன் 656 நானோமீட்டரிலும் ஆக்சிஜன் 501 நானோமீட்டரை ஒட்டியும் ஒளிவிடுகின்றன. அந்த ஒளியை மட்டும் விடும் குறுகிய ஃபில்டர் போட்டால் தெருவிளக்கின் வெளிச்சத்தில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் பேரடையை எடுக்காத விண்படக்காரர் இல்லை. அதன் பக்கத்தில் ஆக்சிஜன் ஒளியில் ஒரு பெரிய நீல வில் இருப்பதை மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர், யான் செய்ன்டி என்ற மூன்று அமெச்சூர்கள்தான் கண்டுபிடித்தார்கள். கிரீனிச் போட்டியின் 2023-ஆம் ஆண்டு முதல் பரிசும் அந்தப் படத்துக்கே. எடுத்தது பிரான்ஸிலிருந்து, 106 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கியில், 100 மணி நேரத்துக்கும் மேல்.

அந்தப் பொறுமை இல்லையென்றால் கோள்கள் இருக்கின்றன. வியாழனுக்கு இருட்டு வானம் தேவையே இல்லை. காற்று அசையாமல் இருந்தால் போதும். அது பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால் சில நிமிடக் காணொளியில் ஆயிரக்கணக்கான தனிப் படங்களை எடுத்து, காற்று அடங்கிய நொடிகளில் விழுந்தவற்றை மட்டும் பொறுக்கி அடுக்குவார்கள். 2006-இல் வியாழனின் ஒரு வெள்ளைப் புயல் சிவப்பாக மாறியதைக் கவனித்து உலகுக்குச் சொன்ன கிறிஸ்டோபர் கோ, பிலிப்பைன்ஸின் சேபு நகரத்துக்காரர்.

இன்றிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு இரவின் மூலக் கோப்புகளையும் அழிக்காமல் தனி வட்டில் வையுங்கள். படத்தை ஏற்றும்போது உங்கள் போர்ட்டில் எண்ணை விளக்கத்தின் முதல் வரியில் போடுங்கள். கீழே தள்ளிப் போட்டால் நடுவர்கள் அதுவரை படிப்பதில்லை.