அந்த இரண்டு மா நிலத்தை விற்காதீர்கள், ஐயா

மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு, கும்பகோணம் பக்கத்திலிருந்து போன வாரம் ஒரு அப்பா மகளோடு என்னிடம் வந்தார். பிளஸ் டூ முடித்த பெண், கணக்கு-உயிரியல் குரூப்பு, ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. சென்னையில் ஐ.டி.யில் இருக்கும் தாய்மாமா ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பேசிவைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். அதற்காக இரண்டு மா, அதாவது 66 சென்ட் நிலத்தை வாங்க ஆள் பார்த்தாகிவிட்டது. "நாங்கதான் சேத்துல கெடந்தோம், இதுவும் கெடக்கணுமாங்க?" என்றார், கண் கலங்கி.

கவலைப்படாதீர்கள், நல்ல மார்க்குதான் என்று ஆறுதலாகத்தான் பேச ஆரம்பித்தேன். பிறகு அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஐயா, இனி உங்களிடமே பேசுகிறேன்.

நாற்பது பக்க நோட்டு. நெல் நடவு நட்ட 14ஆம் நாளிலிருந்து வாராவாரம், காலை எட்டு மணிக்கு மேல், பத்து நெற்குத்துகளில் நன்றாக விரிந்த இளம் இலையை, பச்சை நிறப் படிகளுக்கு எண் போட்ட இலை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுக் குறித்திருக்கிறாள். வெயில் இலையில் பட்டால் நிறம் ஏமாற்றும் என்று உங்களை நிற்கவைத்து உங்கள் நிழலில் பார்த்திருக்கிறாள். பத்தில் ஆறு இலை 4ஆம் எண்ணுக்குக் கீழே போனால்தான் யூரியா. ஒரு வாரம் மூன்று இலைதான் கீழே. 'அப்பா, இப்ப வேணாம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். நீங்களும் போடவில்லை. அடுத்த பக்கத்தில் சித்தப்பா வயல், அதற்கடுத்து எதிர்வீட்டுக்காரர் வயல். மூன்றையும் போனில் எக்ஸெலில் ஏற்றிவைத்திருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்தது இது.

45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. மலிவு என்பதால் கை தாராளமாகப் போகிறது. யூரியாவாகப் போட்ட தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பாதிகூடப் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை. காற்றிலும் தண்ணீரிலும் போகிறது. மிஞ்சிய பச்சைக்குப் புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் வருகின்றன. மண்ணைச் சோதித்து விவசாயிக்கு அட்டை கொடுக்கும், 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் மண்ணின் 12 குணங்களைப் பார்க்கிறார்கள், நல்ல திட்டம். ஆனால் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி என்ற கணக்கில்தான் தொடங்கினார்கள். கிட்டத்தட்ட ஒரு வேலிக்கு, அதாவது இருபது மா நிலத்துக்கு ஒன்று. உங்கள் கையிலிருக்கும் அட்டை பக்கத்து வயல் மண்ணைப் பேசிக்கொண்டிருக்கலாம்.

இந்த இடைவெளியை ஆய்வகம் தனியாக நிரப்ப முடியாது, விவசாயி தனியாகவும் முடியாது. வயலுக்கு வயல் அளந்தவர்கள் தங்கள் கணக்கைப் பகிர வேண்டும். அது மண் ஆய்வு முடிவோடு சேர வேண்டும். விவசாயிகளே சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அதைப் பார்த்து உரம் வாங்க வேண்டும். நடுவில் நின்று செயலி எழுத ஒருவர் வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் மண் ஆய்வையும் எதிர்பார்க்கும் விளைச்சலையும் வைத்து, தொழுவுரத்தில் கிடைக்கும் சத்தைக் கழித்து உர அளவு சொல்லும் 'டிசிஃபர்' மென்பொருளை உருவாக்கியிருக்கிறது. கணக்கு இருக்கிறது, அது களத்துமேடு வரை வரவில்லை. ஹெக்டேர் கேட்கும் செயலியில், மா குழி என்று பேசும் உங்கள் அப்பா என்ன போடுவார்? ஒரு மா என்றால் நூறு குழி, 33 சென்ட் என்று உங்கள் மகளுக்கு யோசிக்காமலே தெரியும். மாமாவின் அலுவலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே பல்கலைக்கழகத்தில் பி.டெக். வேளாண் தகவல் தொழில்நுட்பம் என்று ஒரு படிப்பு இருக்கிறது. கலந்தாய்வில் பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிரலாக்கம், தரவுத்தளம், செயற்கைக்கோள் படத்தில் நிலத்தைப் படிக்கும் தொலையுணர்வு ஒரு பக்கம். பயிரியல், மண்ணியல் மறுபக்கம். நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்குதான். 2021 சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேளாண் படிப்புக்கும் உண்டு; அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மேனேஜ்மென்ட் சீட்டில் இந்தச் சலுகையும் இல்லை, முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை. இரண்டையும் உதறிவிட்டு நிலத்தை விற்பதை நான் ஒருநாளும் சரி என்று சொல்ல மாட்டேன்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. வேளாண்மை அலுவலர் வேலைதான் குறி என்றால் பி.எஸ்சி. விவசாயம் போக வேண்டும். இந்தப் படிப்பு அதற்கானதல்ல. முதல் சம்பளம் மாமா சொல்லும் தொகையைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஆனால் கடனில்லாமல் வாங்கும் சம்பளம் அது. அவளிடம் "கம்ப்யூட்டர் பிடிக்குமா?" என்றேன். "பிடிக்கும் மேம், நம்ம வயலுக்குன்னா" என்றாள். நீங்கள் அப்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டாதீர்கள். மாமாவிடம் நான் பேசுகிறேன், நம்பர் கொடுங்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைப் பள்ளியில் வாங்கிவிடுங்கள். ஒருநாள் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவளைக் கூட்டிப்போங்கள். அந்த நோட்டு அவள் கையிலேயே இருக்கட்டும். கேள்விகளையும் அவளே கேட்கட்டும்.