கேள்வி நேரம்: பாலஸ்தீனப் பூசல் எங்கே தொடங்கியது?

கேள்வி: தேக்கா காப்பிக்கடையில் பேச்சு வந்தால், “இது 2000 வருஷத்து மதச்சண்டை” என்று முடித்துவிடுகிறார்கள். அது சரியா?
- வாசகி, ஈசூன்

பதில்: இல்லை அம்மா. யூதர்கள் ஜெருசலேம் கோயிலை இழந்த நினைவு பழையது. இந்த மோதலுக்கு வயது ஏறக்குறைய 140. ரஷ்யப் பேரரசில் யூதர்களைக் குறிவைத்த வன்முறைக்குப் பின், 1882 முதல் யூதர்கள் பாலஸ்தீனத்தில் அலையாகக் குடியேறத் தொடங்கினர். 1897இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய சியோனிச (யூத தேசிய இயக்க) மாநாடு தாயகக் கோரிக்கையை வகுத்தது.

மூலத்தை நிலப்பத்திரத்தில் தேடுங்கள். அன்று பாலஸ்தீனத்தை ஆண்ட ஒட்டோமான் (துருக்கிய) பேரரசின் 1858 நிலச்சட்டம் நிலத்தைப் பதியச் சொன்னது. வரிக்கும் படைக்கு ஆளெடுப்புக்கும் அஞ்சி, உழவர் பலர் பதியவில்லை. நகரப் பெரும்புள்ளிகளின் பெயரில் பத்திரம் ஏறியது. பெய்ரூட்டின் சுர்சோக் குடும்பம் 1920களில் வட பாலஸ்தீனத்தின் யெஸ்ரயேல் சமவெளி நிலங்களை யூத அமைப்புகளுக்கு விற்றபோது, அங்கே உழுதுகொண்டிருந்த குத்தகைக்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வாங்கியவர் காசு கொடுத்துத்தான் வாங்கினார். உழுதவருக்கோ பிழைப்பே போயிற்று. இரண்டும் உண்மை.

பிரிட்டன் இந்தப் பூசலை முற்றவைத்தது. 1915-16இல் எகிப்திலிருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் மக்மேகன் மக்காவின் ஷரீஃப் ஹுசேனுக்கு எழுதிய கடிதங்களில் அரபு விடுதலைக்கு ஆதரவு; 1917 நவம்பர் 2இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபரின் கடிதத்தில் யூதருக்குத் “தேசிய இல்லம்”. அந்தக் கடிதத்தில் ‘அரபு’ என்ற சொல்லே கிடையாது. “யூதரல்லாத சமூகங்கள்” என்று குறிப்பிட்டு, குடிமை, சமய உரிமைகளை மட்டும் சொல்கிறது. அவர்களின் அரசியல் உரிமை பற்றிப் பேச்சில்லை. பாலஸ்தீனத்தின் 1922 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ யூதர்கள் சுமார் 11 விழுக்காடுதான்.